‘வீண்செலவைக் குறைப்போம்’ என்றால் எந்தச் செலவை? அமெரிக்க மருத்துவச் சீர்திருத்தச் சண்டையின் பின்னணி

2009 செப்டம்பர் 9 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து அமர்ந்திருந்த கூட்டத்தில் அதிபர் ஒபாமா பேசினார். காப்பீடு இல்லாதவர்களுக்குக் காப்பீடு தரும் தன் திட்டத்துக்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதியை, ஏற்கெனவே மருத்துவத் துறையில் வீணாகிக்கொண்டிருக்கும் பணத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்றார்.

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் ஒரு பெரிய வரி, செலவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில் மத்திய அரசு போடும் பணம், பத்து ஆண்டுகளில் 90,000 கோடி டாலருக்கு மேல் அதனால் குறையும். அதற்குச் சொன்ன காரணமும் அதேதான்: வீண்செலவு, மோசடி, முறைகேடு.

ஒருவர் காப்பீட்டை விரிக்கிறார், இன்னொருவர் சுருக்குகிறார். இருவருக்கும் ஒரே காரணம் எப்படிப் பொருந்துகிறது? செய்திகளைப் படிப்பவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். ‘வீண்செலவு’ என்ற சொல்லுக்குள் ஆறேழு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. யார் எதை எடுத்துப் பேசுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் இந்தச் சண்டை புரிந்துவிடும்.

முதலில், பணம் யாருடையது?

அமெரிக்கா 2023-இல் மருத்துவத்துக்குச் செலவிட்டது ஏறத்தாழ 4.9 லட்சம் கோடி டாலர். ஆளுக்கு 14,570 டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் இது 17.6 சதவீதம். வேறு எந்தப் பணக்கார நாடும் இதன் பக்கத்தில்கூட வருவதில்லை. ஆனாலும் அமெரிக்கரின் சராசரி ஆயுள் அதே ஆண்டில் 78.4. மேற்கு ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள்.

இந்தப் பணம் முக்கியமாக நான்கு வழிகளில் வருகிறது.

1. வேலை கொடுக்கும் நிறுவனம் வழியாக வரும் தனியார் காப்பீடு. சுமார் 16 கோடிப் பேர் இதில் இருக்கிறார்கள். பிரீமியத்தின் பெரும்பகுதியை நிறுவனம் கட்டுவதால், அது தங்கள் சம்பளத்திலிருந்து போகும் பணம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.
2. மெடிகேர். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் உடல் ஊனமுற்ற சிலருக்கும் மத்திய அரசு நடத்தும் காப்பீடு. 1965-இல் வந்தது.
3. மெடிகெய்ட். அதே ஆண்டில் வந்த, வருமானம் குறைந்தவர்களுக்கான காப்பீடு. மத்திய அரசும் மாநிலங்களும் செலவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏழு கோடிப் பேருக்கு இதுதான் துணை.
4. தனியாகக் காப்பீடு வாங்குபவர்கள். ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்காக ஒரு சந்தையை உருவாக்கி, பிரீமியத்துக்கு மானியமும் கொடுத்தது.

இவற்றில் எதிலும் சேராதவர்கள் 2023-இல் 2.6 கோடிப் பேர்.

வீணாவது எவ்வளவு, எங்கே?

2012-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் என்ற அறிஞர் அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டது. 2009-இல் மருத்துவத்துக்குச் செலவான பணத்தில் சுமார் 75,000 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ 30 சதவீதம், யாருடைய உடல்நலத்துக்கும் பயன்படவில்லை என்றது அது. 2019-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இன்னொரு கணக்கு வந்தது. அது சொன்ன தொகை 76,000 கோடி முதல் 93,500 கோடி டாலர் வரை. மொத்தச் செலவில் கால் பங்கு.

தலைப்புச் செய்திகளில் இந்தக் கூட்டுத்தொகை மட்டும்தான் வரும். உள்ளே இருக்கும் பிரிவுகள்தான் உண்மையில் முக்கியம். 2019 கணக்குப்படி அவை இப்படி:

1. நிர்வாகச் சிக்கல்: 26,560 கோடி டாலர்.
2. விலை மிகையாக இருப்பது: 23,070 முதல் 24,050 கோடி.
3. செய்ய வேண்டிய சிகிச்சையைச் சரியாகச் செய்யாததால் வரும் செலவு (மருத்துவமனையில் தொற்றும் கிருமி, தடுத்திருக்கக்கூடிய நோய் போன்றவை): 10,240 முதல் 16,570 கோடி.
4. தேவையில்லாத, பயன் குறைந்த சிகிச்சை: 7,570 முதல் 10,120 கோடி.
5. மோசடி, முறைகேடு: 5,850 முதல் 8,390 கோடி.
6. மருத்துவர்களுக்குள் ஒருங்கிணைப்பு இல்லாமை: 2,720 முதல் 7,820 கோடி.

முதல் இரண்டையும் கூட்டினாலே பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. மோசடி பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரசியல் மேடைகளில் நாம் கேட்பது இதற்கு நேர் எதிர். மோசடியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், விலையைப் பற்றியும் நிர்வாகச் செலவைப் பற்றியும் மிகக் குறைவாக. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மருத்துவத் துறையில் வீணாகும் ஒவ்வொரு டாலரும் யாரோ ஒருவரின் வருமானம். மோசடிக்காரருக்குப் பரிந்து பேச ஆள் கிடையாது. மருத்துவமனைக்கும் மருந்து நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எல்லாத் தொகுதியிலும் ஆள் உண்டு.

நிர்வாகச் சிக்கல் என்றால் என்ன?

ஒருவருக்கு முதுகு வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க மருத்துவர் சொல்கிறார். நோயாளி எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் எந்தத் திட்டத்தில் இருக்கிறார், அந்த ஸ்கேன் மையம் அந்தத் திட்டத்தின் பட்டியலில் உண்டா என்று மருத்துவர் அலுவலகத்தில் ஒருவர் பார்க்க வேண்டும். அப்புறம் முன் அனுமதி கேட்டு விண்ணப்பம் போகும். காப்பீட்டு நிறுவனத்தில் அதைப் படித்து முடிவெடுக்க ஒரு குழு. மறுத்தால் மேல்முறையீடு, அதற்கு இரு பக்கமும் ஆட்கள். ஸ்கேன் முடிந்ததும் ஒவ்வொரு சேவைக்கும் உரிய குறியெண்ணைப் போட்டு பில் தயாரிக்கத் தனியாகப் பயிற்சி பெற்ற ஆள். அந்தக் குறியெண் சரிதானா என்று மறுபக்கம் பார்க்க இன்னொரு ஆள். கடைசியில் நோயாளியின் பங்கை வசூலிக்க ஒரு நிறுவனம்.

ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் விதிகள் வேறு, படிவங்கள் வேறு, விலையும் வேறு. ஒரே மருத்துவமனை ஒரே ஸ்கேனுக்கு ஐந்து நிறுவனங்களிடம் ஐந்து விலை வாங்கும். மெடிகேர் கொடுப்பது ஆறாவது விலை. காப்பீடே இல்லாதவருக்குப் போடும் பில் ஏழாவது.

பக்கத்து நாடான கனடாவில் ஒவ்வொரு மாகாணத்திலும் பில்லுக்குப் பணம் தருவது பெரும்பாலும் ஒரே ஓர் அரசுக் காப்பீடு. 2017-ஆம் ஆண்டை வைத்து இரு நாடுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், மருத்துவச் செலவில் நிர்வாகத்தின் பங்கு கனடாவில் 17 சதவீதம், அமெரிக்காவில் 34.2 சதவீதம் என்று தெரியவந்தது. அதைச் செய்தவர்கள் ஒற்றை அரசுக் காப்பீட்டை நீண்ட காலமாக ஆதரிப்பவர்கள். நிர்வாகம் என்பதை அவர்கள் மற்றவர்களைவிட விரிவாக வரையறுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் எப்படிக் கணக்குப் போட்டாலும் இடைவெளி பெரிதுதான்.

முன் அனுமதி என்ற ஏற்பாடே தேவையில்லாத சிகிச்சையைத் தடுக்க வந்தது. ஒரு வீண்செலவைப் பிடிக்கப் போட்ட காவல் இன்னொரு வீண்செலவாக வளர்ந்திருக்கிறது. இந்தப் பெரிய பிரிவைக் குறைக்க எந்த வழி பலன் தரும் என்று சோதித்த ஆய்வு எதுவும் அகப்படவில்லை என்று அந்த 2019 கட்டுரையே சொல்கிறது. மற்ற ஐந்து பிரிவுகளுக்கும் ஏதாவது சோதனை நடந்திருந்தது. மிகப் பெரியதான இதற்கு மட்டும் இல்லை.

காப்பீட்டு நிறுவனங்கள் நிர்வாகத்துக்கும் லாபத்துக்கும் எடுத்துக்கொள்ளும் பங்குக்கு 2010 சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்தது. தனிநபர், சிறு நிறுவனத் திட்டங்களில் பிரீமியத்தின் 80 சதவீதத்தையும், பெரிய நிறுவனத் திட்டங்களில் 85 சதவீதத்தையும் சிகிச்சைக்கும் அதன் தரத்துக்கும் செலவிட வேண்டும். குறைந்தால் மிச்சத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மருத்துவமனைப் பக்கத்தில் பில்லிங்குக்கு ஆகும் செலவை அது தொடவே இல்லை. தவிர, மொத்தச் செலவு ஏற ஏற அந்த 20 சதவீதத்தின் தொகையும் ஏறும்.

விலையா, எண்ணிக்கையா?

2009 விவாதத்தில் ஒரு சிறு ஊர் பெரிதாக அடிபட்டது. டெக்சஸ் மாநிலத்தில் மெக்சிகோ எல்லையோரம் இருக்கும் மெக்கலன். மெடிகேர் 2006-இல் அங்கே ஒரு முதியவருக்குச் சராசரியாக 15,000 டாலர் செலவிட்டது. அதே எல்லையில், ஏறத்தாழ அதே மாதிரியான மக்கள் வாழும் எல் பாசோ நகரத்தில் அதில் பாதி. உடல்நலம் மெக்கலனில் கூடுதலாக இருந்ததா என்றால், இல்லை. அங்கே ஸ்கேன், அறுவை சிகிச்சை, வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் சேவை எல்லாம் கூடுதல். அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே அந்த ஆண்டு ஜூனில் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை ஒபாமா தன் அதிகாரிகளைப் படிக்கச் சொன்னார்.

வழக்குக்குப் பயந்து மருத்துவர்கள் தேவையில்லாத சோதனைகளை எழுதுகிறார்கள், அதனால்தான் செலவு என்பது குடியரசுக் கட்சியினர் பலரின் வாதம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மருத்துவப் பிழை வழக்குகளாலும் அந்தப் பயத்தாலும் ஆண்டுக்குச் சுமார் 5,560 கோடி டாலர், அதாவது மொத்தச் செலவில் 2.4 சதவீதம், போகிறது என்று 2010-இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. ஆனால் டெக்சஸ் 2003-லேயே வலிக்கும் வேதனைக்கும் கேட்கும் நஷ்டஈட்டுக்கு, வழக்குப் போடுபவர் ஒருவர் மருத்துவர்களிடமிருந்து பெறுவது 2,50,000 டாலர் வரைதான் என்று வரம்பு வைத்துவிட்டது. மெக்கலனும் எல் பாசோவும் அந்த ஒரே சட்டத்தின் கீழ்தான் இருந்தன. பாதிக்குப் பாதி வித்தியாசத்துக்கு வழக்குப் பயத்தைக் காரணம் சொல்ல முடியாது.

உண்மையான காரணம் பணம் கொடுக்கும் முறை. செய்த ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகப் பணம் என்றால், அதிகம் செய்தவருக்கு அதிகம் கிடைக்கும். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை. ‘எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்ற நினைப்பு போதும்.

இந்தக் கதையை அப்படியே ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. மெடிகேர் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒரே விலைதான் கொடுக்கும். அதனால் மெடிகேர் கணக்கை மட்டும் பார்த்தால் எண்ணிக்கையில் உள்ள வித்தியாசம்தான் கண்ணில் படும். 2015-இல் சில பொருளியலாளர்கள் தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். மெடிகேருக்குச் சிக்கனமான ஊர் என்று ஒபாமா காலத்தில் புகழப்பட்ட கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன், தனியார் காப்பீட்டுக்கு நாட்டிலேயே செலவு கூடிய ஊர்களில் ஒன்றாக இருந்தது. காரணம் விலை. போட்டி இல்லாத ஊரில் பெரிய மருத்துவமனை சொல்வதுதான் விலை. தனியார் காப்பீட்டில் இருக்கும் 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு, எத்தனை ஸ்கேன் என்பதைவிட ஒரு ஸ்கேன் என்ன விலை என்பதுதான் ஊருக்கு ஊர் மாறியது.

அமெரிக்கர்கள் மற்ற நாட்டினரைவிட அதிகமாக மருத்துவரிடம் போவதில்லை, மருத்துவமனையில் அதிக நாள் படுப்பதும் இல்லை, செலவு கூடுவதற்கு விலைதான் காரணம் என்று பொருளியலாளர் உவே ரைன்ஹார்ட்டும் அவருடைய சகாக்களும் 2003-லேயே எழுதியிருந்தார்கள். என் பார்வையில் 2009 விவாதத்தின் பெரிய தவறு, எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு விலையைக் கைவிட்டது.

கைவிட்டதற்கு அரசியல் காரணமும் இருந்தது. அதிபர் புஷ் 2003-இல் மெடிகேரில் மருந்துக் காப்பீட்டைச் சேர்த்தபோது, மருந்து நிறுவனங்களோடு அரசு விலை பேசக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்தச் சட்டத்தை முன்னின்று நிறைவேற்றிய பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பில்லி டவுசின், 2005-இல் மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவரானார். 2009-இல் அதே சங்கத்தோடுதான் ஒபாமா அரசு உடன்பாட்டுக்கு வந்தது. பத்து ஆண்டுகளில் 8,000 கோடி டாலர் அளவுக்குச் சலுகை தருவதாக நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. விலை பேசும் அதிகாரம் சட்டத்துக்குள் வரவில்லை. எதிர்த்து விளம்பரம் செய்ய ஆள் இருந்தால் சட்டமே நிறைவேறாது என்ற பயம் அப்போது இருந்தது. அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

‘தேவையில்லாத சிகிச்சை’ என்று யார் சொல்வது?

காகிதத்தில் எளிதாகத் தெரியும் இந்தப் பிரிவுதான் அரசியலில் மிக ஆபத்தானது. 2009-இல் இரண்டு சம்பவங்கள்.

முதலாவது, ‘மரணக் குழு’. கடைசிக் காலத்தில் தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முதியவர் ஒருவர் விரும்பினால் தன் மருத்துவரோடு பேசலாம், அந்த நேரத்துக்கு மெடிகேர் பணம் தரும் என்று மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது. முந்தைய ஆண்டு குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலின் ஆகஸ்டில் இந்தத் திட்டத்தை எதிர்த்து, யார் பிழைக்கலாம் என்று தீர்மானிக்கும் ‘மரணக் குழு’ வரப்போகிறது என்று எழுதினார். அப்படி ஒன்று மசோதாவில் இல்லவே இல்லை. ஆனாலும் சொல் பற்றிக்கொண்டது. அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். அதே ஏற்பாடு 2016 ஜனவரியில் சத்தமில்லாமல் மெடிகேரில் வந்து சேர்ந்தது.

இரண்டாவது, மார்பகப் புற்றுநோய்ச் சோதனை. நோய்த்தடுப்புச் சேவைகளை ஆராயும் நிபுணர் குழு நவம்பரில் ஒரு பரிந்துரை வெளியிட்டது: 40 வயதிலிருந்து 49 வரை எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாக மேமோகிராம் தேவையில்லை, 50-க்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். நாடு கொந்தளித்தது. செலவைக் குறைக்கப் பெண்களின் உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்றார்கள். குழு தன் முடிவில் செலவைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தவறான எச்சரிக்கைகளும் தேவையில்லாத ஊசிச் சோதனைகளும் தரும் தீங்கைத்தான் பார்த்தது. கடைசியில் அந்த நவம்பர் 2009 பரிந்துரையைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 2024-இல் அதே குழு தன் பரிந்துரையை மாற்றி, 40 வயதிலிருந்தே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றது.

இதிலிருந்து யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு சோதனை பயனுள்ளதா வீணா என்பது ஆளைப் பொறுத்தும், வயதைப் பொறுத்தும், அந்த நேரத்தில் கையில் இருக்கும் ஆதாரத்தைப் பொறுத்தும் மாறும். ‘30 சதவீதம் வீண்’ என்று மொத்தமாகச் சொல்வது சுலபம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளியிடம் ‘உங்களுடையது அந்த 30-இல் சேரும்’ என்று சொல்வது வேறு.

அப்படியானால் நோயாளியே தன் கையிலிருந்து கொஞ்சம் பணம் கட்டட்டும், அப்போது தேவையில்லாததைத் தானே தவிர்த்துவிடுவார் என்ற யோசனையும் உண்டு. 1970-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் காப்பீட்டுச் சோதனை இதைத்தான் ஆராய்ந்தது. கையிலிருந்து கட்டியவர்கள் சிகிச்சையைக் குறைத்தது உண்மை. ஆனால் பயனுள்ளதையும் பயனற்றதையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைத்தார்கள். நெஞ்சு வலி வந்தவருக்கு அது வாயுவா மாரடைப்பா என்று தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே மருத்துவரிடம் போகிறார்?

சட்டமாகியும் நிற்காத வெட்டுகள்

2010 மார்ச் 23 அன்று கையெழுத்தான சட்டத்தில் செலவைக் கட்டுப்படுத்தச் சில கூர்மையான ஏற்பாடுகள் இருந்தன. அவற்றுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் போதும்.

1. மெடிகேர் செலவு வரம்பு மீறினால் வெட்டுகளைப் பரிந்துரைக்க 15 பேர் கொண்ட தனி வாரியம். சலுகைகளைக் குறைக்கவோ சிகிச்சையைப் பங்கீடு செய்யவோ அதற்கு அதிகாரம் கிடையாது என்று சட்டமே சொன்னது. அதற்கும் மரணக் குழு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே ஓர் உறுப்பினர்கூட நியமிக்கப்படவில்லை. 2018 பிப்ரவரியில் வாரியமே ரத்தானது.
2. மிக விலையுயர்ந்த நிறுவனக் காப்பீடுகளுக்கு 40 சதவீத வரி. பொருளியலாளர்கள் பெரும்பாலும் ஆதரித்தார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, முதலாளிகளும் எதிர்த்தார்கள். 2018-இல் வர வேண்டியது இரண்டு முறை தள்ளிப்போனது. 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபை 419-க்கு 6 என்ற கணக்கில் அதை ரத்து செய்ய வாக்களித்தது. அந்த டிசம்பரில் அது ஒழிந்தது.
3. மருத்துவமனைகளுக்கும், மெடிகேர் அட்வான்டேஜ் என்ற தனியார் திட்டங்களுக்கும் (அரசு நேரடியாக நடத்தும் பழைய மெடிகேருக்குப் பதிலாக முதியோர் சேரக்கூடியவை) மெடிகேர் கொடுக்கும் தொகையின் உயர்வைக் குறைத்தது. இது நின்றது. ஆனால் 2012 தேர்தலில் ‘முதியோரின் மெடிகேரிலிருந்து 71,600 கோடி டாலரை ஒபாமா எடுத்துவிட்டார்’ என்று குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி பிரசாரம் செய்தார். அவருடைய துணை அதிபர் வேட்பாளர் பால் ரயன் போட்ட பட்ஜெட்டிலும் அதே சேமிப்பு இருந்தது.

மெடிகேர் அட்வான்டேஜ் பற்றி இங்கே ஒரு வார்த்தை. முதியவருக்கு நோய் அதிகம் என்றால் அரசு அந்தத் திட்டத்துக்கு அதிகப் பணம் கொடுக்கும். அதனால் உறுப்பினரின் பதிவேட்டில் எத்தனை நோய்களைக் குறிக்க முடியுமோ அத்தனையையும் குறிப்பது லாபம். இதே ஆட்கள் பழைய மெடிகேரில் இருந்தால் ஆகும் செலவைவிட 2024-இல் 8,000 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகப் போகிறது என்று நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் மெடிகேர் ஆணையமே மதிப்பிட்டது. இது சட்டப்படி நடப்பது. மோசடி என்ற கணக்கில் வராது. 2025 சட்டம் இந்தப் பணத்தைத் தொடவில்லை.

முறையற்ற பட்டுவாடா வேறு, மோசடி வேறு

ஒவ்வோர் ஆண்டும் அரசு ‘முறையற்ற பட்டுவாடா’ என்று ஒரு கணக்கை வெளியிடும். 2024 நிதியாண்டில் பழைய மெடிகேரில் 7.66 சதவீதம், 3,170 கோடி டாலர். மெடிகெய்டில் 5.09 சதவீதம், 3,110 கோடி டாலர். இந்த எண்களைத்தான் பலர் மோசடி என்று சொல்லிவிடுகிறார்கள்.

மெடிகெய்டின் அந்தத் தொகையில் ஏறத்தாழ 79 சதவீதம் ஆவணம் போதாததால் வந்தது. அதாவது, கோப்பில் இருக்க வேண்டிய ஒரு தாள் இல்லை. அந்தப் பணம் போனவர் உண்மையிலேயே தகுதியுள்ளவராக இருக்கலாம், சிகிச்சையும் நடந்திருக்கலாம். தாள் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான மோசடியும் இருக்கிறது, பெரிய அளவில். ஆறாத புண்கள் மேல் ஒட்டும் செயற்கைத் தோல் பொருள்களுக்கு மெடிகேர் 2019-இல் கொடுத்தது சுமார் 25 கோடி டாலர். 2024-இல் 1,000 கோடியைத் தாண்டியது. நோயாளிகள் ஐந்து ஆண்டில் நாற்பது மடங்கு பெருகவில்லை. விலை நிர்ணயத்தில் இருந்த ஓட்டையும், அதில் புகுந்தவர்களின் பேராசையும்தான் பெருகின. இதிலும் லாபம் பார்த்தது நோயாளி இல்லை, விற்றவர்களும் பில் போட்டவர்களும்தான்.

2025: பெயர் வீண்செலவு, விழுவது காப்பீட்டில்

புதிய சட்டத்தின் மெடிகெய்ட் பகுதியில் மிகப் பெரிய சேமிப்பு வேலை நிபந்தனையிலிருந்து வருகிறது. ஒபாமாகேர் சட்டம் மெடிகெய்டை விரிவாக்கியதால் அதில் சேர முடிந்த 19 முதல் 64 வயதுள்ளோர் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு அல்லது சமூக சேவை செய்வதாகக் காட்ட வேண்டும். நோயாளிகள், சிறு குழந்தை உள்ள பெற்றோர் போன்றோருக்கு விலக்கு உண்டு. மாநிலங்கள் 2027 ஜனவரி 1-க்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். அந்த விரிவாக்கத்தில் வந்தவர்களுக்குத் தகுதிச் சோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது. இந்தச் சட்டத்தால் 2034-இல் கூடுதலாக 1 கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் இருப்பார்கள் என்பது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. அதில் ஏறத்தாழ பாதி இந்த நிபந்தனையால்.

உழைக்கக்கூடியவர் உழைக்கட்டுமே என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் எல்லோரும் ஏழைகள் மேல் வன்மம் கொண்டவர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது ஏற்கெனவே செய்து பார்த்தது. ஆர்கன்சா மாநிலம் 2018 ஜூனில் இதே நிபந்தனையைக் கொண்டுவந்தது. முதலில் இணையதளத்தில் மட்டுமே பதிய வேண்டும் என்றார்கள். அந்தத் தளம் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. பிறகு வந்த ஆய்வில், நிபந்தனைக்கு உட்பட்ட வயதினரில் 95 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் அல்லது விலக்குக்கு உரியவர்கள் என்று தெரிந்தது. வேலைக்குப் போவோர் எண்ணிக்கையும் கூடவில்லை. அவர்கள் இழந்தது படிவத்தால்.

மேலே சொன்ன ஆறு பிரிவுகளில் இது எதைக் குறைக்கிறது? விலை அப்படியே இருக்கிறது. பில்லிங் அப்படியே இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் அதே தொகைதான். குறைவது காப்பீடு உள்ளவர்களின் எண்ணிக்கை மட்டும்.

வேலை செய்த இரண்டு

வீண்செலவைக் குறைக்கவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். 1983 வரை மருத்துவமனை தனக்கு ஆன செலவு இவ்வளவு என்று சொன்னால் மெடிகேர் கொடுத்துவிடும். அந்த ஆண்டு ரேகன் ஆட்சியில் முறையை மாற்றினார்கள். இன்ன நோய்க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகை. சீக்கிரம் குணமாக்கினால் மிச்சம் மருத்துவமனைக்கு, இழுத்தடித்தால் நஷ்டமும் அதற்கே. மெடிகேர் நோயாளிகள் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாள்கள் வேகமாகக் குறைந்தன.

இரண்டாவது, 2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டம். 2003-இல் போட்ட பூட்டை அது ஓரளவு திறந்தது. மெடிகேர் முதல் பத்து மருந்துகளுக்கு விலை பேசியது. சர்க்கரை நோய்க்கான ஜனூவியா அவற்றில் ஒன்று. சிட்டாகிளிப்டின் என்ற பெயரில் நம்மூர் மருந்துக்கடைகளில் பலர் வாங்கும் அதே மாத்திரை. ஒரு மாதத்துக்கு 527 டாலர் என்றிருந்த பட்டியல் விலை, பேசிய பிறகு 113 டாலர். 2026 ஜனவரியிலிருந்து இந்த விலை. ஒரு மாத்திரையையும் குறைக்காமல், ஒரு நோயாளியையும் வெளியே தள்ளாமல் வந்த சேமிப்பு இது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஜார்ஜியா மாநிலம் நிற்கிறது. வேலை நிபந்தனையோடு கூடிய மெடிகெய்ட் திட்டத்தை 2023 ஜூலையிலிருந்து நடத்தும் மாநிலம் அது. மணி நேரத்தைச் சரிபார்க்கும் கணினி, ஆலோசகர்கள், படிவங்கள் என்று அந்தத் திட்டத்தின் நிர்வாகத்துக்குச் செலவானது, அதில் சேர்ந்தவர்களின் சிகிச்சைக்குச் செலவானதைவிட அதிகம் என்று மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2025-இல் கணக்குக் காட்டியது. அதே மாதிரிக் கணினிகளைத்தான் இப்போது 40 மாநிலங்கள் கட்டிக்கொண்டிருக்கின்றன.